ஆயுத கன்டெய்னர ஏத்த மாட்டோம்னு டாக் தொழிலாளிங்க சொன்னா நிஜமாவே நிக்குதா?

அலைவாய்க்கரை:
பாலஸ்தீனத்துக்கு ஆதரவா ஊர்வலம், மெழுகுவத்தி, ப்ரொஃபைல் படம் எல்லாம் பாத்துப் பாத்து எனக்கு சலிச்சுப் போச்சு, போறவங்கள குறை சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா 2025 ஜூன்ல பிரான்ஸ்ல மார்செய் பக்கத்துல ஃபோஸ் துறைமுகத்துல இஸ்ரேலுக்குப் போற சரக்க ஏத்த மாட்டோம்னு தொழிலாளிங்க கைய கட்டிட்டு நின்னாங்கன்னு படிச்சதுலேருந்து அதே யோசனை. அதுக்கு முந்தின அக்டோபர்ல கிரீஸ்ல பிரேயஸ்லயும் ஒரு தோட்டா கன்டெய்னர மறிச்சிருக்காங்க. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு இவங்களுக்கு எப்படித் தெரியுது? அப்புறம் இங்க ஏத்தலன்னா அடுத்த போர்ட்ல ஏத்திட்டுப் போயிர மாட்டானா? கிண்டலுக்குக் கேக்கல, ஷிப்பிங்ல இருக்கவங்க யாராவது சொல்லுங்க.

லேஷிங் மணி:
நான் ஷிப்பிங் தான். வெடிபொருள்னா கிளாஸ் 1, ஆரஞ்சு ஸ்டிக்கர், தனி பேப்பர், எல்லாம் வரும், ஒளிக்க முடியாது. ஆனா ஃபோஸ்ல நின்னது வெடிபொருளே இல்ல. மெஷின் கன் பெல்ட்ல தோட்டாவையும் தோட்டாவையும் கோக்குற சின்னச் சின்ன மெட்டல் லிங்க், 19 பேலட், கிட்டத்தட்ட 14 டன். வெடிமருந்து இல்லாத வெறும் இரும்பு, ஸ்டிக்கர் கிடையாது, கிரேன்ல உக்காந்திருக்கவனுக்கு அதுவும் பாத்திர கன்டெய்னரும் ஒண்ணு தான். எந்தக் கப்பல், என்ன சரக்கு, எந்த நாள்னு வெளிய கொண்டு வந்தது டிஸ்க்ளோஸ்ங்கிற பத்திரிகைக்காரங்க. உடனே சிஜிடிங்கிற பிரெஞ்சு தொழிற்சங்கத்து ஆளுங்க யார்டுல தேடிக் கண்டுபிடிச்சு ஓரமா ஒதுக்கி வச்சிட்டாங்க. இதுல ஒண்ணு கவனிங்க, கப்பல மறிக்கல! மத்த பெட்டிக்கெல்லாம் வழக்கம்போல வேலை பாத்தாங்க, இது மட்டும் தரையிலயே கிடந்துச்சு. அங்க டாக்கர் ஏத்தலன்னா வெளியாள கூட்டிட்டு வந்து ஏத்த முடியாது, பலமே அது தான்.

அடுத்த போர்ட் எதுன்னு கேட்டா, இத்தாலில ஜெனோவா. 2019ல ஏமன் போர் நடக்கும்போது பஹ்ரி யான்புங்கிற சவூதி கப்பலுக்கு சரக்கு ஏத்த மறுத்த அதே ஊர் ஆளுங்க. கப்பல் வர்றதுக்கு முன்னாடியே நாங்களும் தொட மாட்டோம்னு அறிவிச்சிட்டாங்க.

பிராக்டிகல் பாண்டி:
கேக்க நல்லாத்தான் இருக்கு. 14 டன் ஒரு சரக்கு விமானத்துல போயிரும். அமெரிக்கா 2019லேருந்து 2028 வரைக்கும் இஸ்ரேலுக்கு 3800 கோடி டாலர் ராணுவ உதவின்னு கையெழுத்து போட்டு வச்சிருக்கு, அதுல ஒரு பெட்டி எந்த மூலைக்கு? நம்ம ஊர் கதையவே எடுத்துக்கோங்க. 2024 பிப்ரவரில 11 மேஜர் போர்ட்ல 3500 பேருக்கு மேல இருக்கிற நீர்வழிப் போக்குவரத்து தொழிலாளர் சம்மேளனம் இஸ்ரேலுக்கு ஆயுத சரக்க ஏத்தவும் மாட்டோம் இறக்கவும் மாட்டோம்னு அறிக்கை விட்டுச்சு. கொஞ்ச நாள்லயே மரியன் டானிகாங்கிற கப்பல் சுமார் 27 டன் வெடிபொருளோட சென்னைலேருந்து இஸ்ரேல்ல இருக்கிற ஹைஃபா துறைமுகத்துக்கு கிளம்பிப் போச்சு. அறிக்கை பேப்பர்ல, சரக்கு கடல்ல.

ராயபுரத்தான்:
பாண்டி அண்ணே, கப்பல் கதைய பாதில விட்டுட்டீங்களே. மே மாசம் ஸ்பெயின் துறைமுகம் கார்டஹேனாவுல நிக்க பர்மிஷன் கேட்டப்போ ஸ்பெயின் முடியாதுன்னு சொல்லிருச்சு, இனிமே இஸ்ரேலுக்கு ஆயுதம் கொண்டு போற எந்தக் கப்பலுக்கும் இதே பதில் தான்னு வெளியுறவு அமைச்சர் அல்பாரெஸ் ஓப்பனா சொன்னாரு. அதே வாரம் போர்கும்னு இன்னொண்ணு, அதுவும் சென்னைலேருந்து போனது தான், அதோட சரக்கு செக் நாட்டுக்குன்னு ஸ்பெயின் அரசு சொல்லியும் எதிர்ப்பு அடங்கல, கடைசில அந்தக் கப்பல் கார்டஹேனா பக்கமே வரல. ரோட்டுல சத்தம் இல்லாம ஒரு அரசாங்கம் தானா இப்படி முடிவெடுக்குமா?

ஒரு பெட்டி எந்த மூலைக்குன்னு கேட்டீங்க. 1984ல டப்ளின்ல டன்ஸ் ஸ்டோர்ஸ்ல கேஷியரா இருந்த மேரி மேனிங், அங்க நடந்த நிறவெறி ஆட்சிய எதிர்த்து தென்னாப்பிரிக்கா பம்ப்ளிமாசுக்கு பில் போட மாட்டேன்னு சொன்னாங்க. சஸ்பெண்ட் பண்ணாங்க, கூட இருந்த கொஞ்ச பேரும் வெளிய வந்தாங்க, ரெண்டரை வருஷத்துக்கு மேல வாசல்லயே நின்னாங்க. 1987ல அயர்லாந்து அந்த நாட்டு காய்கறி பழத்துக்கே தடை போட்டுச்சு.

ஆனா இங்க நிலைமை வேற, அதுல நான் உங்க பக்கம். காட்டுப்பள்ளி மாதிரி தனியார் போர்ட்ல கான்ட்ராக்ட் பையன் மாட்டேன்னு சொன்னா மறுநாள் கேட் பாஸ் இருக்காது. கோர்ட்டுக்கும் போய் பாத்தாச்சு, ஏற்றுமதி லைசென்ச நிறுத்தச் சொல்லிப் போட்ட மனுவ 2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் வெளியுறவுக் கொள்கைல தலையிட முடியாதுன்னு தள்ளுபடி பண்ணிருச்சு.

அலைவாய்க்கரை:
அப்போ ஏத்துறவங்கள விட விஷயம் முன்னாடியே தெரிஞ்சவங்க தான் முக்கியம் போல. மணி அண்ணே, இந்த பேப்பர் எல்லாம் டைப் அடிக்கிறது யாரு?

லேஷிங் மணி:
ஏஜென்ட் ஆபீஸ் பசங்க. ஹெச்எஸ் கோட்னு சரக்கு என்ன வகைன்னு சொல்ற நம்பர் ஒண்ணு இருக்கு, அது 93ல ஆரம்பிச்சா ஆயுதம், தோட்டா, அதோட பாகம், 36னா வெடிமருந்து, பட்டாசும் அதுல தான் வரும் அதனால அத மட்டும் வச்சு குதிக்க முடியாது. மாசம் பூரா அத டைப் அடிக்கிறவனுக்கு தெரியாததா? ஆனா நான் பாத்த ஆபீஸ் எதுலயும் சங்கம்னு ஒண்ணு இல்ல.