அப்பாவின் டபுள் பேரலும் என் அலைச்சலும்: துப்பாக்கி லைசென்ஸ் அனுபவங்கள்

மலையோரத்தான்:

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்காரர் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, பீரோவுல இருக்கறத என்ன பண்ணுனீங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பீரோவில் வேட்டிகளுக்கு அடியில், பழைய கம்பளியில் சுற்றி, பன்னிரண்டு போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி. அப்பா 1981-ல் வாங்கியது. லைசென்ஸ் அவர் பெயரில். லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஆள் போனால் அதுவும் போச்சு. பதினாறு நாளாக லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை உள்ளே வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்த போலீஸ்காரர் உட்பட எல்லோருக்கும் காப்பி கொடுத்திருக்கிறோம்.

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், வீண் தாமதம் இல்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் வாரிசு லைசென்ஸ் எடுத்து மீட்கவோ முறைப்படி விற்கவோ இல்லையென்றால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும். டீலரிடம் வைத்தால் மாதா மாதம் வாடகை. அதனால் ஸ்டேஷனே போதும் என்று முடிவு செய்தேன்.

சரி, எடுத்துக்கொண்டு போவது எப்படி? வழியில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அங்கே கம்பளியைப் பிரித்தால் என் கதி? ஸ்டேஷனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, இறப்புச் சான்றிதழ் நகலையும் லைசென்ஸ் புத்தகத்தையும் மேலே வைத்துக்கொண்டு, மாமா கார் ஓட்ட, நான் பின்சீட்டில் அதை மடியில் போட்டுக்கொண்டு போனேன். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அதே சீட்டில்தான்.

அங்கே ரைட்டர் இரண்டு விஷயத்தைப் பிடித்தார். ஒன்று, நம்பர். பேரலுக்கு அடியில் வெட்டியிருந்த நம்பரில் கடைசி எழுத்து 8. புத்தகத்தில் யாரோ பேனாவால் எழுதியது 3 போல இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி யு.ஐ.என். என்ற தனி அடையாள நம்பர் கொடுத்தபோதும் 3 என்றே ஏறியிருக்கிறது. நாற்பது வருடத்தில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு, தோட்டா. கடைசியாக வாங்கியது 25 என்று புத்தகத்தில் இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான் கொண்டுபோனது 22. தோட்டாவின் அட்டைக் கூடெல்லாம் மலைப் பனியில் ஊதி, பித்தளை பச்சை பூத்துக் கிடந்தது. "மீதி மூணு எங்கங்க?" என்றார். சுட்டிருப்பார் என்றேன். "அப்ப வெறுங்கூடு எங்கங்க?" வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகையில் தேடி, உரச்சாக்கில் இரண்டு கூடு எடுத்தேன். மூன்றாவது கிடைக்கவே இல்லை.

துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றும் வேலை அதற்கப்புறம். வாரிசுச் சான்று, அம்மாவும் இரண்டு அக்காக்களும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து, ஏ-1 என்ற லைசென்ஸ் விண்ணப்பப் படிவம், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்பதற்குப் பயிற்சிச் சான்று (எனக்குத் தெரியாது, ரைபிள் கிளப்பில் போய்க் கற்றேன்), வி.ஏ.ஓ., தாசில்தார், ஆர்.டி.ஓ., போலீஸ், வனத்துறை என்று ஆளாளுக்கு ஒரு அறிக்கை. விசாரணையில் "எதுக்கு வேணும்?" என்று கேட்டார்கள். காட்டுப்பன்றி என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், பன்றியைச் சுட அல்ல. அதற்கு 1972-ம் வருட வன உயிரினச் சட்டம் தனியாக இருக்கிறது என்று வனத்துறை அதிகாரி பொறுமையாக விளக்கினார். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும் அப்படித்தான்: காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை ஆள் சுடலாம், நாம் இல்லை. கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டால் லைசென்ஸ்காரர் சுடலாம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். பன்றிக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை.

இதை எழுதக் காரணம் வேறு. 2016 ஆயுத விதிகளில் 25-வது விதியைப் பாருங்கள். லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவருக்கு மாற்றித்தரக் கேட்கலாம். அப்பாவுக்கு 76. துப்பாக்கிக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு தகுதியும் இருந்தது. நம்பர் தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். தோட்டாக் கணக்கும் அவருக்குத்தான் தெரியும். வீட்டில் பெரியவர்கள் பெயரில் துப்பாக்கி இருந்தால் இந்த வாரமே பேச்சை எடுங்கள். சொத்து எழுதி வாங்கப் பார்க்கிறான் என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

தென்னந்தோப்பு:

உங்களுக்கு ஒரு தடவை அலைச்சல். எனக்குத் தேர்தலுக்குத் தேர்தல் உண்டு அண்ணாச்சி.

2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று நடத்தை விதி வந்தது. இரண்டு நாளில் ஸ்டேஷனில் இருந்து போன், "கொண்டு வந்து போட்ருங்க." தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. நாங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வடக்கே எல்லோரும் போட்டு முடிக்கிறவரை நாற்பத்தாறு நாள் என் துப்பாக்கி அங்கேயே தூங்கியது. அந்த நாற்பத்தாறு நாளும் தோப்பில் பன்றிக்கு விருந்துதான். நான் பன்றியைச் சுடுகிறவன் இல்லை. சத்தத்துக்கு ஒரு வெடி போடுவேன், அவ்வளவுதான். இப்போது தோட்டா விற்கிற விலைக்கு ஊசி வெடியே தேவலை.

எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லி சட்டத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜாமீனில் இருப்பவர், வழக்கு உள்ளவர், கலவரத்தில் பெயர் அடிபட்டவர் என்று ஒரு குழு ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு. வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் விலக்கு உண்டு. நடைமுறையில் எங்கள் பக்கம் லிஸ்டில் உள்ள எல்லோருக்கும் போன் வந்துவிடும். மனு எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கி வைத்துக்கொண்டு துப்பாக்கியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒப்படைக்கும்போது நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ரசீதில் "தோல் வாருடன்" என்று எழுதச் சொல்லுங்கள். என் வார் திரும்பி வரவில்லை.

அப்புறம் தோட்டா. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் தோட்டாவை மறந்துவிடுகிறோம். அதே 2024 ஜூனில் சென்னை விமான நிலையத்தில் ஒரு நடிகரின் பையில் 40 தோட்டா அகப்பட்டது. துப்பாக்கியைத் தேர்தலுக்காக ஸ்டேஷனில் கொடுத்தவர், தோட்டா பையில் கிடந்ததைக் கவனிக்கவில்லை. லைசென்ஸ் இருந்ததால் பயணம் ரத்தானதோடு தப்பித்தார். தோட்டா போட்டுத் தூக்கிய பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

பழைய ஹவில்தார்:

மலையோரத்தான் தம்பிக்கு. நீங்கள் காரில் கொண்டுபோன முறை சரிதான், வேறு வழியும் இல்லை. ஆயுதச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் ஒரு சலுகை உண்டு. லைசென்ஸ்காரர் எழுத்தில் கொடுத்தால், ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ வேறொருவர் எடுத்துப் போகலாம். எழுதிக் கொடுக்க உங்கள் அப்பா இல்லையே. ஸ்டேஷனுக்கு முதலில் போன் போட்டீர்கள் பாருங்கள், அதுதான் காப்பாற்றியது.

ராணுவத்தில் இருந்து வந்த பிறகு ஒன்பது வருடம் பணம் ஏற்றும் வேனில் கன்மேன் வேலை பார்த்தேன். துப்பாக்கி என் சொந்தம், லைசென்சும் என் பெயர். வேலைக்கு எடுப்பதே அதற்குத்தான். ஒரு நாள் ராத்திரி சூப்பர்வைசர், "நீங்க வீட்டுக்குப் போங்க, துப்பாக்கிய மட்டும் வச்சிட்டுப் போங்க, நைட் ஆளு பாத்துக்குவாரு" என்றார். குடை இரவல் கேட்கிற மாதிரி! நைட் ஆள் கையில் அது இருந்தால் அவர் மேல் ஒரு கேஸ், கொடுத்த என் மேல் ஒரு கேஸ். முடியாது என்றேன். இன்னொரு தடவை ஓசூர் தாண்டி பெங்களூருக்கு வேனில் ஏறச் சொன்னார்கள். என் லைசென்சில் செல்லுபடியாகும் இடம் தமிழ்நாடு என்று மட்டும் போட்டிருந்தது. பார்டரில் இறங்கிக்கொண்டேன். அன்றைய சம்பளம் பிடித்தார்கள். பிடித்தால் பிடிக்கட்டும், எனக்குப் பென்ஷன் முக்கியம்.

கல்யாண வீட்டில் மேலே பார்த்துச் சுடச் சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் அது தனிக் குற்றம். இரண்டு வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதே திருத்தத்தில்தான் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டாகக் குறைந்தது, லைசென்ஸ் காலமும் மூன்று வருடத்தில் இருந்து ஐந்து ஆனது.

துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள் தம்பி. பிசின் மாதிரி ஆகிவிடும். கன் ஆயில் இல்லாவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் உங்கள் இடுப்பில். என் பேரனுக்கு ஐந்து வயதில் துப்பாக்கி இருக்கும் இடம் தெரிந்திருந்தது. நான் யாருக்கும் சொன்னதில்லை.

மலை வாத்தியார்:

நீங்கள் எல்லாம் லைசென்ஸ் உள்ளவர்கள். நான் வேலை பார்க்கும் மலையில் லைசென்ஸ் என்ற சொல்லையே போலீஸ் வந்தால்தான் கேட்க முடியும். எல்லாம் நாட்டுத் துப்பாக்கி: இரும்புக் குழாய், மரக்கட்டை, கரிமருந்து, பால்ரஸ் குண்டு. தாத்தா செய்ததைப் பேரன் வைத்திருப்பான்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போலீஸ் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, இந்தத் தேதிக்குள் தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை, அப்புறம் பிடித்தால் வழக்கு என்று சொல்வார்கள். யாரும் நேரில் போய்க் கொடுக்க மாட்டார்கள். விடியற்காலை மாரியம்மன் கோயில் திண்ணையில் போய்ப் பார்த்தால் விறகுக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை ஒன்றும் வராது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

சென்ற முறை எங்கள் பள்ளிச் சமையல்காரம்மா வீட்டில் இருந்தும் ஒன்று போனது. அவர் கணவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. மருந்து கெட்டித்தபோது குழாய் வெடித்தது. அந்தக் கையோடு இன்னும் ஆறு வருடம் அதே துப்பாக்கியைத்தான் வைத்திருந்தார். பிடிபட்டால் இப்போது குறைந்தது இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை என்று நான் சொன்னதற்கு அவர் பயப்படவில்லை. "பையன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கான், கேஸ் இருந்தா எடுக்க மாட்டாங்க" என்றேன். அன்று ராத்திரியே திண்ணைக்குப் போய்விட்டது.

குடகுத் தோட்டம்:

நான் பத்து வருடமாகக் குடகில் காப்பித் தோட்டக் கணக்கு பார்க்கிறேன். இங்கே மண்ணின் மக்களான கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நிலம் உள்ளவர்களுக்கும் லைசென்சே வேண்டாம், வெள்ளைக்காரன் காலத்து விலக்கு. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிகளைப் பூஜையில் வைத்து, அதன் மேல் தோக் பூ வைப்பார்கள். என்ன பூ என்று பார்த்தால் நம் செங்காந்தள்! விலக்கு அவர்களுக்குத்தான், தோட்டத்தில் வேலை செய்யும் எனக்கு இல்லை. முதலாளி "கொஞ்சம் பிடிங்க" என்று நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

மலையோரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதம் கழித்து, போன வாரம் லைசென்ஸ் என் பெயரில் வந்துவிட்டது. 3 இப்போது 8 ஆகிவிட்டது. ஸ்டேஷனில் போய் எடுத்தேன். வலது பேரலுக்குள் பார்த்தால் துரு புள்ளி புள்ளியாக இருந்தது. ஹவில்தார் ஐயா சொன்ன எண்ணெயை வாங்கியிருக்கிறேன். பீரோவில் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். சுவரில் பதிக்கிற இரும்புப் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அப்பாவின் கைத்தடியைத் துடைத்து அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். அடியில் ஒரு பித்தளைப் பூண், தேய்ந்து தேய்ந்து பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் நடுவில் ஊசி குத்திய பள்ளம், சுற்றிலும் 12 என்று எழுத்து. மூன்றாவது கூடு.

இதை ரைட்டரிடம் கொண்டுபோய்க் காட்டணுமா, அப்படியே விட்டுவிடலாமா? ஹவில்தார் ஐயா, நீங்களே சொல்லுங்கள்.