399ஆம் இலக்கத் தோட்டா: ஏழரையா, எட்டு ஐம்பதா?

புதுக்கடையான்:
"கெனடி கொலையை விசாரித்த வாரன் ஆணைக்குழுவின் 399ஆம் இலக்கச் சான்றான தோட்டா கைமாறியதில் ஒரு ஓட்டையும் இல்லை" என்று தெஹிவளைச் சிவம் எழுதியிருக்கிறார். ஐயா, ஆவணத்தைக் கண்ணால் கண்டீரா? டலஸ் பார்க்லண்ட் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் எடுத்தவர் அங்கத்தைய ஊழியர் டொம்லின்சன். அவர் ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு அதிகாரி ரைட்டிடம், ரைட் இரகசிய சேவை ஜோன்சனிடம், ஜோன்சன் வாஷிங்டனில் தன் தலைவர் ரோலியிடம், ரோலி எஃப்.பி.ஐ. டொட்டிடம், டொட் ஆய்வுகூடத்து ஃபிரேசரிடம். முதல் நாலு பேரும் தோட்டாவில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. டொட் உறையில் எழுதிய நேரம் இரவு 8.50. ஃபிரேசரின் குறிப்பில் 7.30. டொட் வாங்க முதலே ஃபிரேசருக்கு எப்படிக் கிடைத்தது?

தெஹிவளைச் சிவம்:
ஃபிரேசர் டலஸ் நேரத்தை எழுதியிருப்பார். தோட்டா ஒஸ்வால்டின் சி2766 இலக்கத் துவக்கிலிருந்து வந்ததென்று, குழாய் அதில் பதித்த வரித்தடம் சொல்கிறது. உறையை வைத்து என்ன கூத்து?

புதுக்கடையான்:
டலஸ் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. 7.30 டலஸ் நேரமென்றால் வாஷிங்டனில் 8.30. அப்பவும் 20 நிமிடம் முந்துதே! வரித்தடம் துவக்கைக் காட்டும். ஸ்ட்ரெச்சரில் கிடந்தது இதே தோட்டாதான் என்று காட்டாது. அதுக்குத்தான் வாங்குகிற ஒவ்வொருவரும் நுனியிலோ அடியிலோ தன் எழுத்தைக் கீறுவது. பக்கத்தில் கீறினால் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டிய வரியே போய்விடும். ஆய்வுகூடத்துக்காரர் நுனியில் ஒழுங்காகத்தான் கீறினார்கள், ஆனால் அது ஆறாவது கை.

கறுவாக்காடு 7:
1964இல் திரும்பக் காட்டியபோது ஜோன்சனாலும் ரோலியாலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. அதைவிட நிறையைப் பாருங்கோ. 158.6 கிரெயின். புதுத் தோட்டா 160, 161. கெனடியோடு காரில் இருந்து சூடுபட்ட ஆளுநர் கொனலியின் மணிக்கட்டு எலும்பை உடைத்த தோட்டாவா இது?

தெஹிவளைச் சிவம்:
ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். இரண்டு கிரெயின் குறைந்தால் 130. மணிக்கட்டில் எடுத்த துகள்கள் அதற்குள் அடங்கும். செட்டியார் தெருத் தராசில் போட்டால் தெரியும்.

கறுவாக்காடு 7:
தோட்டா சுத்தமாக இருந்தது, துடைக்கத் தேவைப்படவில்லை என்று ஃபிரேசரே சாட்சி சொன்னார். எலும்பை உடைத்த தோட்டா அப்படியா இருக்கும் சிவம்?

புதுக்கடையான்:
நிறைக்கு வேறு திரி திறவுங்கோ. நான் கேட்டது 7.30.

மட்டக்குளி வாசகன்:
டலஸ் பொலிஸ் லெப்டினன்ட் டே (Day) என்பவர் அந்தத் துவக்கின் குழாயடியில் எடுத்த உள்ளங்கை ரேகையும் இப்படித்தானே? கொலை நடந்தது 22ஆம் திகதி, ரேகை அட்டை ஆய்வுகூடத்துக்குப் போனது 29ஆம் திகதி. இடையில் எஃப்.பி.ஐ. ரேகை நிபுணர் லட்டோனா துவக்கைப் பார்த்தபோது அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

தெஹிவளைச் சிவம்:
ஒட்டி எடுத்தபிறகு அங்கே என்ன மிஞ்சும்?

புதுக்கடையான்:
ரேகை, நிறை, தராசு! 7.30க்கு மட்டும் பதிலில்லை. நாலாவது தரம் கேட்கிறேன்.

தெஹிவளைச் சிவம்:
பண்டாரநாயக்க கொலைத் திரியில் அவர் சுடப்பட்ட டின்டாஜல் வீட்டைக் கொள்ளுப்பிட்டியில் கொண்டுபோய் வைத்தவர் நிமிடக் கணக்குப் பேசுகிறார். அந்த வீடு இருக்கிற ரொஸ்மீட் பிளேஸ் எங்கே என்று கறுவாக்காட்டாரிடம் கேளும்.

புதுக்கடையான்:
அதே திரியில் பண்டாரநாயக்கவைச் சுட்ட சோமராமவின் வெப்ளி கைத்துப்பாக்கியைக் கொல்ட் என்று எழுதியவர் நீர். ஸ்கிரீன்ஷொட் இருக்கு, போடட்டா?

தெஹிவளைச் சிவம்:
போடும்.