ஸ்டேஷனிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போவது பாதுகாப்பா, எப்படி முடிவு செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். புது வேலையில் சேரப்போகிறேன். ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் 1.5 கிலோமீட்டர், நடந்தால் 20 நிமிடம். காலையில் கூட்டத்தோடு போய்விடலாம், கவலையெல்லாம் இரவு 9 மணிக்கு மேல் திரும்புவதுதான்.

கூகுள் மேப்பில் தெருப் படங்களைப் பார்த்தேன், ஆனால் எல்லாமே பகலில் எடுத்தவை, சில வருடம் பழையவை வேறு, விளக்கு எரியுமா, கடைகளை எப்போது மூடுவார்கள் என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? மேப் காட்டும் குறுக்கு வழி ஒரு சுரங்கப்பாதையில் இறங்கி, நீளமான மதில் சுவரை ஒட்டிப் போகிறது, அவசரத்துக்கு நுழைய நடுவில் ஒரு வாசல்கூட இல்லை. பெரிய சாலை வழியே போனால் 7 நிமிடம் கூடுதல். பேருந்து நிறுத்தமும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும். ஆட்களுக்குப் பயப்படுகிற நாம் வண்டிகளை மறந்துவிடுகிறோம், இருட்டில் அதுவும் பெரிய ஆபத்து.

ஒரு வேலை நாளில், திரும்பும் அதே நேரத்தில், துணையோடு நடந்து பார்க்கப்போகிறேன். விடுமுறை நாளில் போனால் உண்மை நிலவரம் தெரியாது. அப்போது எதையெல்லாம் கவனிக்கணும்? அந்தப் பகுதியின் குற்ற எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்? நிலையத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோவதால் அங்கே எண்ணிக்கை கூடத்தானே செய்யும். அப்புறம், லைவ் லொக்கேஷன் தவிர வேறு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? இரவில் தனியாக நடந்து திரும்புகிற பெண்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.