ஞாயிற்றுக்கிழமை மேட்ச், இரண்டு குழந்தைகள், நான் தனியாக: போகலாமா?

புதுசா வந்த அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிட்னிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஆபீசில் ரக்பி மேட்ச்சுக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை. பார்த்தால் அன்றைக்கே அவருக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள். பெரியவன் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான், போக வேண்டாம் என்றால் ஒரே அழுகை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் இதுவரை தனியாக ரயில்கூட ஏறியதில்லை. கூட்டத்தில் ஒருத்தர் கை நழுவிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்து நேற்று இரவு முழுக்கத் தூக்கமே இல்லை. குடித்துவிட்டுச் சண்டை போடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? சாப்பாடு எடுத்துப் போகலாமா? சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

பிளாக்டவுன் அப்பா:
முதலில் ஆட்டம் புரிய வேண்டும், புரியாவிட்டால் குழந்தைகளுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். ஒரு பக்கத்துக்கு 15 பேர். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை, அதைப் போட்டால் 5 புள்ளி. பந்து வெளியே போனால் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள், ஒருவரைத் தூக்கிப் பிடித்துப் பந்தை வாங்குவார்கள். இதை வீட்டிலேயே வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

ஹோம்புஷ் அக்கா:
அண்ணா, நீங்கள் சொல்வது ரக்பி யூனியன். மேற்கு சிட்னியில் ஆபீசில் டிக்கெட் கொடுத்தார்கள் என்றால் அது அநேகமாக லீக்தான். லீக்கில் 13 பேர், ட்ரைக்கு 4 புள்ளி, அதற்குப் பிறகு பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போட்டால் இன்னும் 2. நம் கபடி பார்த்த பிள்ளைக்கு இது சுலபமாகப் புரியும். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து விழுத்த வேண்டும், அதுதான் டேக்கிள், ஆறு முறை பிடிபட்டால் பந்து அடுத்த அணிக்கு. பையனை விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள், அதுவே அவனுக்கு ஒரு வேலை.

பெண்டில் ஹில்:
நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2011-இல் நாங்கள் வந்த புதிதில் இதே மாதிரி யாரோ டிக்கெட் கொடுத்தார்கள், ஜூலை மாதம், ராத்திரி ஆட்டம். மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஊரில் போட்ட ஸ்வெட்டர் போதும் என்று நினைத்துப் போய்விட்டோம். கான்கிரீட்டிலிருந்து குளிர் காலில் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. ட்ரை போட்டதும் கொண்டாட்டத்துக்கு மைதான ஓரத்தில் பட்டென்று நெருப்பு விட்டார்கள், குழந்தை வீறிட்டு அழுதவள் வீட்டுக்கு வரும்வரை நிறுத்தவில்லை. கார் இல்லை, கடைசி பஸ்ஸும் போய்விட்டது, டாக்சிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு வாரம் காய்கறி வாங்கியிருக்கலாம். ஐந்து வயது வரை இதெல்லாம் தேவையில்லை.

டூங்காபி அண்ணை:
தங்கச்சி, பயப்படாதேங்கோ. நான் 2003-இல் இருந்து பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறன், மூத்தவள் இப்ப யூனிவர்சிட்டி முடிச்சிட்டாள். மேற்கு சிட்னியில் எங்கட லீக் அணி பரமட்டா. பரமட்டா என்றால் பழைய பூர்வகுடி மொழியில் விலாங்கு மீன் கிடக்கிற இடம் என்று அர்த்தம், அதனால்தான் அணிக்கும் ஈல்ஸ் என்று பெயர். நீலமும் தங்க நிறமும். 1981-இல் முதல் தடவை கோப்பை எடுத்தபோது சனம் சந்தோசத்தில் அணியின்ர பழைய மைதானமான கம்பர்லாண்ட் ஓவலைக் கொளுத்திப்போட்டதாம். பிறகு கட்டினதையும் 2017-இல் இடித்து, 2019-இல் இப்ப இருக்கிறதைத் திறந்தவை. 1986-க்குப் பிறகு கோப்பை வரவில்லை, எண்டாலும் சனம் விடாமல் வருது. உந்தச் சனத்தோடு இருந்துதான் எனக்கு இது என்ர ஊர் மாதிரி வந்தது.

மெல்பர்ன்காரர்:
நாங்கள் குழந்தைகளை ஏஎஃப்எல்-க்குத்தான் (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) கூட்டிப் போகிறோம். 18 பேர், பெரிய மைதானம், இவ்வளவு முட்டல் மோதல் கிடையாது.

பிளாக்டவுன் அப்பா:
அவர் சிட்னியில் இருக்கிறார் சார். சரி, லீக் விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் செலவைச் சொல்லியாக வேண்டும். டிக்கெட் இலவசம் என்று நம்பிப் போனால், உள்ளே ஒரு சிப்ஸ், ஒரு ஜூஸ், பிள்ளை கேட்கிற கொடி என்று கையிலிருப்பது கரைந்துவிடும்.

பெண்டில் ஹில்:
வாடகை, சைல்ட்கேர் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது. நாங்கள் வந்தபோது சைல்ட்கேரில் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தோம். ஊரில் என்றால் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாம். இங்கே கடைக்குப் போவதென்றாலும் இரண்டையும் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த அலுப்பு யாருக்கும் புரிவதில்லை.

டூங்காபி அண்ணை:
உண்மைதான். எங்கட காலத்தில் வெளிநாட்டுக்குக் கதைக்க போன் கார்டு வாங்கவே காசு பார்க்க வேணும்.

ஹோம்புஷ் அக்கா:
நாளை மறுநாள் ஞாயிறு, அந்தப் பெண் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். அம்மா, இதை மட்டும் சொல்லுங்கள்: குழந்தைகளுக்கு என்ன வயது? எந்த மைதானம், எத்தனை மணி? வீடு எந்தப் பக்கம்? டிக்கெட் யார் போனில் இருக்கிறது?

புதுசா வந்த அம்மா:
அக்கா, பதற்றத்தில் எதையும் எழுதவில்லை. பையனுக்கு ஏழு, பெண்ணுக்கு மூன்று. பரமட்டாவில்தான், 4:05-க்கு. நாங்கள் வென்ட்வொர்த்வில். டிக்கெட் அவர் போனில் இருக்கிறது, இருக்கை கிழக்குப் பக்கம் என்று போட்டிருக்கிறது.

ஹோம்புஷ் அக்கா:
அப்படியென்றால் தாராளமாகப் போகலாம். சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது, ஆறு மணிக்குள் முடிந்துவிடும்.

இன்றைக்கே டிக்கெட்டை உங்கள் போனுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். வாயிலில் நின்றுகொண்டு டியூட்டியில் இருப்பவருக்கு போன் அடிக்கும் நிலைமை வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள், ஆப்பிலேயே திறந்து பாருங்கள்.

ரயிலில் உங்களுக்கு இரண்டே நிறுத்தம், வெஸ்ட்மீட், அடுத்தது பரமட்டா. ஆனால் சனி ஞாயிறுகளில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவது இங்கே சகஜம். காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வெஸ்ட்மீட்டில் இறங்கி லைட் ரெயில் (டிராம்) ஏறினால் பிரின்ஸ் ஆல்ஃப்ரட் ஸ்கொயரில் இறங்கலாம், அங்கிருந்து மைதானம் கொஞ்சம்தான் நடை. பரமட்டா ஸ்டேஷனிலிருந்து சர்ச் ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் சின்னவளோடு கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயிலில் சின்னவளுக்கு டிக்கெட் வேண்டாம், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். பையனுக்குச் சிறுவர் ஓப்பல் கார்டு (ரயில், பஸ்ஸுக்குத் தட்டுகிற பயண அட்டை) இருக்க வேண்டும், உங்கள் பேங்க் கார்டைத் தட்டினால் பெரியவர் கட்டணம்தான் எடுப்பார்கள்.

கை நழுவுமோ என்று பயந்தீர்களே, அதற்கு நான் செய்வது இது. பால்பாயின்ட் பேனாவால் இரண்டு பேர் மணிக்கட்டிலும் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள், பெரியவனுக்கு அதை மனப்பாடமும் செய்துவிடுங்கள். உள்ளே போனதும் பிரிவு, வரிசை எண் பலகையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற மேலங்கி போட்ட ஊழியர் ஒருவரைப் பையனுக்குக் காட்டி, அம்மா தெரியாவிட்டால் இவர்களிடம் போ, வாயிலுக்கு வெளியே மட்டும் போகாதே என்று சொல்லுங்கள். கிளம்பும்போது என்ன சட்டை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு போட்டோ.

கிழக்குப் பக்கம் என்றால் மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும், தொப்பி வேண்டும். மே மாதம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், அப்புறம் குளிர், பெண்டில் ஹில்காரர் சொன்னது அதில் சரி. ஜாக்கெட்டும், உட்கார ஒரு போர்வையும். அந்த மைதானத்தில் படிகள் செங்குத்து, சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், ஸ்ட்ரோலர் தொல்லைதான்.

சாப்பாட்டுக்கு பிளாஸ்டிக் டப்பாவில் தயிர் சாதமோ சப்பாத்தி ரோலோ போதும். கண்ணாடி, ஸ்டீல் இரண்டும் வேண்டாம். ஒரு மைதானத்தில் என் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்பி வந்தபோது அது இல்லை.

பெண்டில் ஹில்:
சத்தம் கேட்காமல் காதை மூட இயர்மஃப் வாங்குங்கள். அதுமட்டும் என் அனுபவத்தில் சொல்கிறேன்.

டூங்காபி அண்ணை:
என்ர பிள்ளையள் ஒண்டும் போடேல்லை. சத்தம்தானே அங்கே சந்தோசம்.

ஹோம்புஷ் அக்கா:
மூன்று வயதுக்கு வாங்குங்கள், பையனுக்கு அவன் விருப்பம். யாராவது பீர் குடித்துவிட்டுக் கத்தினால் பெரும்பாலும் நடுவரைத்தான் கத்துவார்கள். தொந்தரவாக இருந்தால் ஊழியரிடம் சொல்லி வேறு இடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். யாருக்காவது தலையில் அடிபட்டு வெளியே போனால் பையன் பயப்படுவான். டாக்டர் 15 நிமிடம் பார்த்துவிட்டுத்தான் திரும்ப விடுவார் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சின்னவள் சோர்ந்துவிட்டால் இடைவேளையிலேயே கிளம்பிவிடலாம் என்பதையும் வீட்டிலேயே அவனிடம் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். அங்கே போய்ச் சொன்னால் அடம் பிடிப்பான்.

புதுசா வந்த அம்மா:
போய்விட்டு வந்துவிட்டோம்! ரயில் ஓடவில்லை, பஸ்தான், அக்கா சொல்லியிருந்ததால் முன்னாலேயே கிளம்பினேன். முதல் நெருப்புக்குச் சின்னவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், இயர்மஃப் போட்ட பிறகு சரியாகிவிட்டாள், அப்புறம் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு வயதான அம்மா, நீலமும் மஞ்சளுமாக ஸ்கார்ஃப், பையனுக்கு ஒவ்வொரு டேக்கிளையும் கூடவே எண்ணினார். பிடிபட்டவர் எழுந்து பந்தைக் குதிகாலால் பின்னால் உருட்டுகிறாரே, அதை எங்கள் பையன் வீட்டு ஹாலில் தலையணையை வைத்து இன்னும் செய்துகொண்டிருக்கிறான். 70-ஆவது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒப்புக்கொண்டிருந்தானே. மணிக்கட்டில் எழுதினது இன்னும் போகவில்லை, சோப்புப் போட்டும்.

இப்போது விளையாடச் சேர வேண்டுமாம். ஏழு வயதில் மோதல் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா?

பிளாக்டவுன் அப்பா:
இருக்கிறது. லீக் டேக், ஓஸ்டேக் என்று தேடுங்கள். இடுப்பில் தொங்கும் பட்டையைப் பிடுங்கினால் டேக்கிள், விழுத்துவது கிடையாது. என் மகள் ஆடுகிறாள். வென்ட்வொர்த்வில் பக்கமே ஆடுகிற இடம் இருக்கிறது, தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.