.308-க்கு எந்த சைஸிங் டை வாங்கலாம்?

டெக்சாஸில் இருக்கிறேன். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், .308 வின்செஸ்டர் தோட்டா. இரண்டு வருடமாக நெக் சைஸிங் டை (சுட்ட கேஸின், அதாவது பித்தளை உறையின், கழுத்தை மட்டும் சுருக்கும் அச்சு) மட்டும் வைத்துத்தான் ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட கேஸையே திரும்ப நிரப்புகிறேன். முதல் மூன்று தடவை அருமையாக இருந்தது. நாலாவது தடவையிலிருந்து போல்ட் மூட மாட்டேன் என்கிறது, உள்ளங்கையால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. கேஸை வெளியே எடுத்துப் பார்த்தால் தோள் பகுதியில் (கழுத்துக்குக் கீழே சரிவாக விரியும் இடம்) பளபளவென்று ஒரு வளையம்.

சேம்பரை (ரைபிளில் தோட்டா உட்காரும் அறை) சுத்தம் செய்தாயிற்று. கேஸ் நீளத்தை 2.005 அங்குலத்துக்கு வெட்டியும் பார்த்தேன். அப்புறம் குண்டு வைக்காத வெறும் கேஸைப் போட்டாலும் அதே இறுக்கம். நெக் டை தோளைத் தொடாதே, அதனால் தோள்தான் முன்னே வளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். நவம்பரில் மான் வேட்டை தொடங்குமுன் சரிசெய்தாக வேண்டும்.

தோளை 0.002 அங்குலம் மட்டும் பின்னே தள்ள சாதாரண ஃபுல் லெங்த் டை (தோள் உட்பட கேஸ் முழுவதையும் சுருக்குவது) போதுமா, இல்லை புஷிங் (கழுத்தின் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வளையம்) வைத்ததே வாங்க வேண்டுமா?