ஸ்டார்ட்-அப் டைம்: 'முளைநேரம்' எனலாமா?

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்புக்காக, மின் அலையை உண்டாக்கும் சர்க்யூட்டான ஆசிலேட்டரின் ஸ்டார்ட்-அப் டைமுக்கு நீங்கள் சொன்ன 'தொடக்க நேரம்' படித்தவுடன் புரிகிறது. ஆனால் 'கூட்டத்தின் தொடக்க நேரம் மாலை 5 மணி' என்று எழுதும்போது அது ஒரு கணத்தைத்தான் குறிக்கிறது. நமக்கு வேண்டியது, மின்சாரம் கொடுத்ததிலிருந்து அலை முழு வீச்சை எட்டும் வரையிலான இடைவெளி.

சேலம் சூரமங்கலத்தில் என் வீட்டு மேசையில் இதை இப்படி அளக்கிறேன். மின்சாரம் ஏறியதும் கவுண்ட்டர் ஓடத் தொடங்கும். அலையின் வீச்சைக் கவனிக்கும் ஒரு சின்ன சர்க்யூட், அது 90 சதவீதத்தைத் தொட்டதும் கவுண்ட்டரை நிறுத்தும். ஆசிலேட்டரின் அதிர்வெண்ணை நிர்ணயிப்பது அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம். 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்குச் சில மில்லி விநாடிகள் போதும். கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் படிகம் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளும். அதிர்வை நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும் பொருள், அதிர்வுக்கு வரவும் அவ்வளவு தாமதிக்கிறது.

கவுண்ட்டர் நானோ விநாடி வரை காட்டினாலும், ஒரே படிகத்துக்கு ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் மாறும். கவுண்ட்டர் மேல் பிழை இல்லை. சர்க்யூட்டில் எப்போதும் இருக்கும் வெப்ப இரைச்சலும் மின்சாரம் ஏறும்போது விழும் சிறு உதையும்தான் அலைக்கு வித்து. அதில் படிகத்துக்கு ஒத்த அதிர்வெண் மட்டும் சுற்றிச்சுற்றிப் பெருகுகிறது. முதலில், அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அப்புறம் கிடுகிடுவென வளரும். பெருக்கி தன் எல்லையைத் தொட்டதும் வீச்சு நிலைக்கும்.

மண்ணுக்குள் விதை செய்வதும் இதைத்தானே! ஒரே பாத்தியில் போட்ட விதைகள்கூட ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. ஆகவே 'முளைநேரம்' என்று முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. 'எழுநேரம்' என்பதை, ஒரு துடிப்பு தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் ரைஸ் டைமுக்கு விட்டுவைப்போம்.

சூடேறி அதிர்வெண் நிலைக்கும் வார்ம்-அப்பை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். ஜனவரியில், படிகத்தை ஹீட்டரால் ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஓவன் வைத்த ஆசிலேட்டர் ஒன்றை ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் உறவினர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். முளைநேரத்தில் சொல்லும்படி மாற்றமில்லை. ஆனால் ஜிபிஎஸ் தரும் விநாடித் துடிப்போடு ஒப்பிட்டபோது, அதிர்வெண் நிலைக்கச் சேலத்தைவிடக் கூடுதல் நிமிடங்கள் பிடித்தன. சுமார் 1,500 மீட்டர் உயரக் குளிரிலிருந்து கிளம்பி, ஹீட்டர் அதே சூட்டை எட்ட வேண்டுமே. அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் விநாடிக்கு 1 மைக்ரோ விநாடி விலகல் சேரும். அந்தப் பிசகு மெல்லக் குறைந்து அடங்குவதை வரைபடத்தில் பார்ப்பது எனக்குப் பெரிய நிறைவு.

மில்லி விநாடிக் கதை ஒன்று, நிமிடக் கதை இன்னொன்று. பின்னதற்குச் 'சூடேறு நேரம்' வைக்கலாம். 'வெப்பமேறு நேரம்' சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே லாரிப் பட்டறையில் 'இன்ஜின் சூடேறட்டும்' என்றுதான் சொல்கிறார்கள், எனக்கு அதுவே போதும். தொகுப்பில் சேர்க்கும்முன், ரேடியோ பழுதுபார்க்கும் நண்பர்கள் யாராவது இரண்டு சொற்களையும் நாலு நாள் புழங்கிப் பார்த்து எழுதினால் நல்லது.