புதுப்பிப்பு: கடலூர் மணலும் என் ரோபோவும்

நடுத்தர விலையில் வாங்கிய, கூட்டித் துடைக்கும் ரோபோவைப் பற்றி முன்பு எழுதியபோது, கடல் மணலுக்குத் தாங்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாங்குகிறது. வீடு கடலூர்க் கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினம் பக்கம். செருப்போடு வரும் மணலை டைல்ஸ் இடுக்கு வரை உறிஞ்சிவிடுகிறது. லைடார் (லேசர் கதிரால் தூரத்தை அளந்து வழி கண்டுபிடிக்கும் கருவி) இருப்பதால் கரண்ட் போன இருட்டிலும் வழி தவறுவதில்லை.

துடைப்பதுதான் சுமார். ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவதோடு சரி, காய்ந்த சாம்பார்க் கறை அப்படியே இருக்கும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் ரோபோவின் தண்ணீர்த் தொட்டியின் துளைகள் அடைத்துவிடும் என்பதால் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன் (அம்மாவுக்கு இதில் ஏக வருத்தம்).

பெரிய தொல்லை, பூஜையறையின் கறுப்பு கிரானைட். ரோபோவின் அடியில் இருக்கும் சென்சார், அகச்சிவப்புக் கதிரைத் தரைக்கு அனுப்பி அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கறுப்புத் தரை அந்தக் கதிரைச் சரியாகத் திருப்பி அனுப்பாததால் பள்ளம் என்று நினைத்து ரோபோ பின்வாங்குகிறது. அது பின்வாங்காமல் இருக்க, அந்த சென்சார்மேல் டேப் ஒட்டச் சிலர் சொன்னார்கள். மாடிப்படியில் உருளாமல் காப்பதும் அதே சென்சார்தான், அதனால் ஒட்டவில்லை. பூஜையறைக்கு இப்போதும் துடைப்பம்தான்.